ஊரும் ஒழுகும்: தீவு நகர் ஒன்றின் வரலாற்று நூலாகக் கோயிலொழுகு

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரி என்னும் பெயரோடும் வடக்கே கொள்ளிடம் என்னும் பெயரோடும் ஓடிக் கல்லணைப் பகுதியில் மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகிறது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. அரங்கம் என்னும் சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்னும் பொருள் உண்டு. ஆதலின் ஊரின் நில அமைப்பே அதன் பெயராக நின்றது எனலாம். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் காண விழையும் பதிகளுள் இஃது ஒன்று. மதுரகவியார் நீங்கலாக ஏனைய ஆழ்வார்கள் பதினொருவரும் 247 பாசுரங்களில் இதனைப் பாடியுள்ளனர். முதற் பராந்தகன் காலந்தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அறுநூற்றுக்கு மேற்பட்டவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியில் இடம்பெற்றுள்ளன. பாட்டும் கல்லும் இவ்வளவு கிடைக்கும் ஊர்கள் தமிழகத்தில் வேறு சிலவும் உண்டு. ஆயினும் தன் வரலாற்றைத் தானே உரைநடையில் பல தலைமுறைகளாக எழுதி வைத்துக்கொண்ட ஊர்கள் மிகச் சிலவே. அவ்வகையில் திருவரங்கத்துக் கோயிலொழுகு தனித்து ஆராயத்தக்கது.

இந்நூல் இதுகாறும் ஆராயப்பட்ட முறை பெரும்பாலும் ஒரே தன்மையது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921இல் வெளியிட்ட, தென்னாட்டின்மீது நிகழ்ந்த இசுலாமியப் படையெடுப்புகள் பற்றிய ஆங்கில நூலில் இதனைச் சான்றாகக் கையாண்டார். வி. என். ஹரிராவ் 1961இல் வரலாற்றுக் குறிப்புகளோடு இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். ஹரிராவின் உழைப்பு பெரிது. ஒழுகு கூறும் செய்திகளை அவர் கல்வெட்டுகளோடு ஒப்புநோக்கி, பொருந்துவனவற்றை ஏற்றும் பொருந்தாதனவற்றைப் பிற்சேர்க்கை என்றோ மரபுக்கதை என்றோ ஒதுக்கியும் சென்றார். அவர் வகுத்த வழியிலேயே பின்வந்த ஆய்வேடுகள் பலவும் நடந்தன. அவற்றில் கோயிலொழுகு ஒரு துணைச்சான்று என்னும் நிலையிலேயே நிற்கிறது. கல்வெட்டு ஒரு செய்தியை உறுதிசெய்தால் ஒழுகு மெய்யாகிறது. உறுதிசெய்யாவிடின் ஒழுகு பழங்கதையாகிறது. ஒரு நூலை அதற்குப் புறத்தே உள்ள அளவுகோல் ஒன்றனால் மட்டுமே அளக்கும் இம்முறையில், அந்நூல் எதனைக் கூற எழுந்தது என்னும் வினா எழுப்பப்படாமலே போகிறது.

அவ்வினாவை நூலின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஒழுகு என்பதற்கு ஒழுகலாறு, நடைமுறை என்பன பொருள். நிலங்களின் அளவும் உரிமையும் குறித்த கணக்குப் பதிவினையும் ஒழுகு என வழங்குவது கல்வெட்டுத் தமிழின் மரபு. இவ்விரு பொருளும் இந்நூலுக்குப் பொருந்தும். வைணவ மரபில் கோயில் என்று அடைமொழியின்றிக் கூறினால் அது திருவரங்கத்தையே குறிக்கும். அங்ஙனம் கூறும்போது கருவறையும் விமானமும் மட்டும் சுட்டப்படுவதில்லை. ஏழு மதில்களும் அவற்றிடையே அமைந்த திருவீதிகளும் வீதிகளில் குடியிருப்போரும் சேர்ந்தே சுட்டப்படுகின்றனர். பண்டைத் தமிழில் நகர் என்னும் சொல் மனையையும் கோயிலையும் ஊரையும் குறித்தமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. எனவே கோயிலொழுகு என்பதைக் கோயிலின் வரலாறு என்று மட்டும் பெயர்ப்பது அதன் எல்லையைச் சுருக்கிவிடும். அஃது ஓர் ஊரின் உரிமைப் பதிவேடு என்று கொள்வதே பொருத்தம்.

இவ்வாறு கொண்டவுடன் நூலின் போக்கில் முரணாகத் தோன்றிய பலவும் ஒழுங்குபெறுகின்றன. பிரமனிடமிருந்து இக்குவாகு வழியாக இராமனுக்கும், இராமனிடமிருந்து வீடணனுக்கும் விமானம் வந்தது. வீடணன் இலங்கைக்கு எடுத்துச்செல்லும் வழியில் அஃது இத்தீவில் நிலைத்தது. தருமவர்மன் திருப்பணி செய்தான். பின் மணல்மூடிப் போன கோயிலைக் கிளி ஒன்றன் வாய்மொழி கேட்டுக் கிளிச்சோழன் மீட்டான். இத்தொடக்கப் பகுதியில் ஆண்டுக் கணக்கைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். ஆனால் இரண்டு செய்திகள் இங்குத் தெளிவாக நிறுவப்படுகின்றன. ஒன்று, தெய்வம் இவ்வூருக்கு வெளியிலிருந்து வந்து தங்கியது. மற்றொன்று, ஊர் ஒருமுறை ஆற்றுமணலில் மறைந்து மீண்டது. வெள்ளத்தை அண்டி வாழும் தீவு ஒன்றன் நினைவில் மணல்மூடிய கோயில் என்னும் செய்தி வெறுங்கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. இவ்வகைச் செய்திகளைப் புராணம் என்று கடந்துசெல்லும் வரலாற்றாசிரியர் ஆற்றையும் சேர்த்தே கடந்துவிடுகிறார்.

நூலின் நடுப்பகுதி இராமானுசர் காலத்தைப் பற்றியது. கோயிலொழுகின் உண்மையான அச்சு இதுவே. திறவுகோலும் புரோகித உரிமையும் பெரியகோயில் நம்பியிடம் இருந்தன. கூரத்தாழ்வான் வழியாக நம்பி மனம்மாறி அவற்றை உடையவரிடம் ஒப்படைத்தார். பின்னர்த் திருவரங்கத்தமுதனார் என்னும் பெயரோடு இராமானுச நூற்றந்தாதியின் ஆசிரியராக விளங்கினார். குருபரம்பரை நூல்கள் இதனை ஓர் அடியவரின் மனமாற்றமாகக் காட்டும். ஒழுகு இதனை உரிமை மாற்றமாகக் காட்டுகிறது. நிகழ்ச்சி ஒன்றாயினும் நூல் வகை மாறும்போது அதன் பொருள் மாறுவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. திறவுகோல் கைமாறிய பின்னரே கோயிற் பணியாளர் அனைவரும் பத்துக் கொத்தாக வகுக்கப்படுகின்றனர். ஒவ்வொரு கொத்துக்கும் உரிய பணி, நிற்கும் இடம், பெறும் மரியாதை ஆகியவை நுட்பமாக விரித்துரைக்கப்படுகின்றன. இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டும் பகுதி இதுவே. நூலை எழுதியோர்க்கு இதுவே உயிர்ப்பகுதி.

கொத்துகளின் பெயர்களுள் இரண்டு இவண் தனித்துக் கருதத்தக்கன. ஒன்று உள்ளூரார், மற்றொன்று ஆரியபட்டாள். வட்டார வரலாறு பேசும் ஆய்வாளர் உள்ளூரார் என்னும் சொல்லை ஊரில் வாழ்வோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே கையாள்வர். திருவரங்கத்திலோ உள்ளூரார் என்பது வரையறுக்கப்பட்ட கடமையும் உரிமையும் உடைய ஒரு கொத்தின் பெயர். ஊரில் பிறந்தமையால் மட்டும் ஒருவர் உள்ளூரார் ஆவதில்லை. ஆரியபட்டாள் வடபுலத்திலிருந்து வந்து வாயில் காக்கும் பொறுப்பேற்றோர் என்பது மரபு. ஆரியபட்டாள் வாசல் என ஒரு வாயிலே அவர்கள் பெயரால் வழங்குகிறது. வந்தவர் பெயர் வாயிலில் நிலைபெறுகிறது. உள்ளூரார் என்பதோ பத்தில் ஒரு கொத்தின் பெயராகச் சுருங்குகிறது. ஊர்மை என்பது பிறப்பால் அமைவதன்று, பணியால் பதிவுபெறுவது என்னும் கருத்து ஒழுகின் அடிநாதமாக உள்ளமை இதனால் புலனாகிறது. இதனைச் சமத்துவக் கருத்தாகக் கொண்டு பாராட்டுவதும் பொருந்தாது. பதிவுபெற்றவருக்கே ஊர் உரியது என்பதன் மறுதலை, பதிவில் இல்லாதவர்க்கு ஊர் இல்லை என்பதாகும்.

ஆறும் இப்பதிவேட்டில் பணியாகவே இடம்பெறுகிறது. திருமஞ்சனத்திற்கு நீர் கொணர்வோர் திருக்கரகக் கையார். கோயில் வழக்கில் கொள்ளிடம் வடதிருக்காவேரி எனப்படும். ஐப்பசித் திங்களில் பொற்குடத்தில் காவிரிநீரும், ஏனைய திங்களில் கொள்ளிட நீரும் கொணரப்படுவது வழக்கு. தீவின் இருபுறத்து நீரும் காலம் பகுத்துக் கையாளப்பட்டமை இதனால் விளங்கும். ஆற்றின் கரையுடைப்பும் படுகை நிலத்தகராறும் வயற்பரப்பில் வாழ்வோரின் அன்றாடச் சிக்கல்கள். கோயில் நிலத்தைத் தொடும்போது மட்டுமே அவை ஒழுகில் இடம்பெறுகின்றன. இதே தீவில் கிழக்கே அமைந்த திருவானைக்காவும் எல்லைத் தகராறு எழும்போதே நூலுள் நுழைகிறது. பஞ்சபூதத் தலங்களுள் நீர்த்தலமாகிய அவ்வூர் ஒரே தீவைப் பகிர்ந்துகொண்ட அண்டை ஊர். ஒழுகின் பார்வையிலோ அஃது எதிர்வழக்காடி மட்டுமே.

கொள்ளிடம் பற்றி மற்றொரு கதையும் இத்தீவில் வழங்குகிறது. மதில் திருப்பணி செய்த திருமங்கையாழ்வார், கூலி கேட்ட தொழிலாளரை ஓடத்தில் ஏற்றிச்சென்று ஆற்றில் அமிழ்த்தினார் என்றும், அதனால் அது கொல்லிடம் ஆயிற்று என்றும் கூறுவர். வீடுபேறு அளித்ததாகக் கதை முடிவு மாற்றப்பட்டாலும், கூலி கொடுபடவில்லை என்னும் செய்தி அதனுள் அழியாமல் நிற்கிறது. சொல்லாராய்ச்சி இக்கதையை ஏற்காது. வெள்ளம் கொள்ளும் இடம் என்பதே கொள்ளிடம் என்பது நேரிய விளக்கம். எனினும் மதில்களுக்கெல்லாம் அரசர் பெயரும் ஆழ்வார் பெயரும் வழங்க, அவற்றைக் கட்டிய கைகளுக்கு இக்கதை ஒன்றே மிஞ்சியது என்பது கருதத்தக்கது.

இனி நூலின் மிகுதியும் பேசப்படும் பகுதிக்கு வரலாம். மாலிக் கபூரின் படையெடுப்பு 1311இலும் உலூக்கானின் படையெடுப்பு 1323இலும் நிகழ்ந்தன. பின்னதில் பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரவர் தலை கொய்யப்பட்டதாக மரபு கூறும். அவ்வெண்ணிக்கையை அப்படியே கொள்வதற்கில்லை. பேரழிவு நேர்ந்ததை மறுப்பதற்குமில்லை. பிள்ளை உலகாசிரியர் அழகிய மணவாளன் திருமேனியை எடுத்துக்கொண்டு தென்திசை சென்றார்; வழியில் சோதிட்குடியில் மறைந்தார். வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்கிடையே மறைந்திருந்து, சுருதப்பிரகாசிகையின் சுவடியையும் அதன் ஆசிரியர் மைந்தர் இருவரையும் காப்பாற்றினார் என்பது மரபுச் செய்தி. திருமேனி அழகர்மலை, கோழிக்கோடு, மேல்கோட்டை எனப் பல இடங்களில் தங்கித் திருமலை சேர்ந்தது. விசயநகர அரசப் பெருமகன் கம்பணனின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்த கோபணன் அதனை மீட்டுக்கொணர்ந்து சகம் 1293இல், அதாவது கி.பி. 1371இல், மீண்டும் எழுந்தருளச் செய்தான்.

மீட்சியைக் கூறும் கல்வெட்டு இரண்டு வடமொழிச் செய்யுள்களால் ஆனது. ஹுல்ச் அதனை எபிகிராபியா இண்டிகா ஆறாம் தொகுதியில் பதிப்பித்தார். திருமலையிலிருந்து கொணர்ந்ததும், செஞ்சியில் வைத்து வழிபட்டதும், துருக்கரை வென்றதும், இருதேவியரோடு தன் நகரிலேயே அரங்கனை நிறுவியதும் அதில் கூறப்படுகின்றன. புகழ் முழுவதும் கோபணனுக்கு உரியது. ஐயம் எதற்கும் அங்கு இடமில்லை.

ஒழுகில் நிலைமை வேறு. திருமேனி திரும்பி வந்தபோது கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளப்பெற்று வழிபாட்டில் இருந்தது. ஊரில் இருந்தோருள் பழைய திருமேனியைக் கண்டவர் எவரும் எஞ்சவில்லை. வந்தது எது, இருந்தது எது என்று முடிவுசெய்ய ஆளில்லை. அப்பொழுது பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் முன்வருகிறார். பெருமாளின் ஆடை வெளுக்கும் தொழிலினர் அவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடை பிழிந்த நீரை அவரிடம் தருகின்றனர். முன்பு தாம் அறிந்த மணத்தை ஒன்றில் உணர்ந்து, இவரே நம்பெருமாள் என்கிறார். அன்றுமுதல் அப்பெயரே திருமேனிக்கு நிலைத்தது.

இந்நிகழ்ச்சியை உணர்ச்சிமிக்க பக்திக்கதை என்று கொள்வோர் பலர். கல்வெட்டில் இல்லாமையால் புறக்கணிப்போர் சிலர். இவ்விரு நோக்கிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. உரிமைப் பதிவேடு என்னும் நூல்வகையில் சாட்சியம் முதன்மையானது. யாருடைய சொல் செல்லும் என்பதே அந்நூலின் ஓயாத கவலை. ஆசாரியர் வழியும் பட்டர் வழியும் உத்தமநம்பி வழியும் பக்கம் பக்கமாகப் பதிவாகின்றன. அத்தகைய நூல், ஊரின் தலையாய வழக்கில், நூலறிவும் பார்வையும் இல்லாத ஒரு தொழிலாளியின் மூக்குக்கும் நாவுக்கும் தீர்ப்பை விட்டுவிடுகிறது. அவர் பெயர்கூட அதில் இல்லை. தொழிற்பெயர் மட்டுமே உண்டு. தெய்வத்துக்குப் பெயரிட்டவருக்குப் பெயரில்லை என்னும் இம்முரணை ஒழுகு உணர்ந்து எழுதியதாகத் தோன்றவில்லை. உணராமல் எழுதியதனாலேயே அதன் சான்றுமதிப்பு மிகுகிறது. குடும்பங்களின் உரிமையை நாட்ட எழுந்த நூலில், எக்குடும்பத்தின் உரிமையையும் பெருக்காத ஒரு செய்தி தங்கியிருப்பின், ஊரார் நினைவில் அது விலக்கமுடியாத வலிமையோடு இருந்தது என்றே கருத வேண்டும்.

ஆண்டுக்கணக்கின் சிக்கலும் இதனோடு தொடர்புடையது. 1323க்கும் 1371க்கும் இடைப்பட்டது நாற்பத்தெட்டு ஆண்டு. இவ்விடைவெளியில் ஊரில் பழைய திருமேனியை அறிந்தோர் ஒருவரும் எஞ்சவில்லை என்பது இயல்பாக நிகழக்கூடியதன்று. ஐம்பத்தைந்து அகவையினர்கூட இளமையில் கண்டிருப்பர். அறிந்தோர் எஞ்சவில்லை என்றால், அவர்கள் முதுமையால் மறையவில்லை என்பதே பொருள். ஒழுகு நேராகச் சொல்லத் தயங்கும் அழிவின் அளவு, ஈரங்கொல்லிக் கதையின் அடிப்படை நிலைமையில் வெளிப்படுகிறது. பன்னீராயிரம் என்னும் எண்ணைக் காட்டிலும் சாட்சி சொல்ல ஆளில்லை என்னும் குறிப்பே வலிய சான்று.

ஒப்பீட்டிற்கு ஒடிய மொழியில் உள்ள பூரி சகந்நாதர் கோயிலின் மாதளாப் பாஞ்சியை நோக்கலாம். அதுவும் கோயிற் கரணத்தார் வழிவழியாக ஓலையில் காத்துவந்த நூல். அவ்வூரிலும் 1568இல் காலாபகாட் படையெடுப்பில் திருமேனிகள் எரியூட்டப்பட்டன. அவற்றினுள் உறைந்த பிரமப் பொருளை விசர் மகாந்தி என்னும் அடியவர் மத்தளத்துள் மறைத்துக் காத்தார் என்பது மரபு. மாதளாப் பாஞ்சியின் இன்றைய வடிவம் குருதா அரசர்தம் உரிமையை நிலைநாட்டும் சூழலில் உருப்பெற்றது என்பதை ஹெர்மன் குல்கே முதலான ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பூரியில் மீட்டவர் பெயர் நிற்கிறது. அரங்கத்தில் அடையாளம் காட்டியவர் பெயர் மறைகிறது. பூரியின் நூல் அரசனை நோக்கி எழுதப்பட்டது. அரங்கத்தின் நூல் அண்டைவீட்டானை நோக்கி எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டை முறையாக ஆராயும் ஒப்பியல் நூல் தமிழில் எழுதப்பட வேண்டும்.

திருமேனியைப் பின்தொடர்ந்து தில்லி சென்ற பின்சென்றவல்லியும், அங்கிருந்து அதனைத் தேடிவந்த சுல்தான் மகளும் இந்நூல் மரபில் இடம்பெறும் இரு பெண்கள். பின்னவர் துலுக்கநாச்சியாராகக் கோயிலிலேயே ஓவிய வடிவில் இடம்பெற்று, கோதுமை ரொட்டி படையலாகும் வழக்கையும் விட்டுச்சென்றார். பகைவர் மகளுக்கும் ஊருக்குள் இடம் ஒதுக்கி, அவ்விடத்தைப் படையல் முறையாகப் பதிவுசெய்யும் இப்போக்கு, முன்னர்க் கூறிய ஆரியபட்டாள் வாயிலோடு ஒத்தது. இன்று வெளிவரும் ஊர்வரலாற்றுச் சிறுநூல்கள் சில பன்றியாழ்வான் மேட்டை விரிவாக எழுதி ரொட்டிப் படையலை ஒற்றை வரியில் முடிப்பதும், வேறு சில படையலைப் போற்றி மேட்டை மறைப்பதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். ஒழுகின் மரபு இரண்டையும் அஞ்சாது ஏந்திவந்தது.

ஐரோப்பியர் எழுத்தில் இத்தீவு கோட்டையாகிவிடுகிறது. கருநாடகப் போர்க்காலத்தில் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் இம்மதில்களுக்குள் தங்கினர். 1752 சூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட போர் வரலாற்றில் மதில்கள் படைத்தேவைக்காகவே அளக்கப்படுகின்றன. மதிலுக்குள் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வாழ்ந்தோர் அவ்வாண்டில் எங்குச் சென்றனர், என்ன உண்டனர் என்பதை அறிய அந்நூல் உதவாது.

வீதிகளின் வாழ்க்கை எழுத்தில் இடம்பெற இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை தேவைப்பட்டது. ஸ்ரீ வேணுகோபாலனின் திருவரங்கன் உலா, திருமேனியின் புலப்பெயர்வைப் புதினமாக்கியது. அதன் நோக்கும் திருமேனியோடே பயணம் செய்கிறது. ஊரில் எஞ்சியோரிடம் தங்குவதில்லை. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்து தேவதைகள் இதற்கு நேர்மாறு. அங்குக் கோயில் பின்னணி. வீதியும் திண்ணையும் சிறுபிள்ளைகளும் முன்னணி. நகைச்சுவை நூலாக மட்டும் எண்ணப்பட்ட அக்கதைகளை ஒழுகின் விடுபாடுகளை நிரப்பும் ஊர்ப்பதிவாகவும் வாசிக்க இடமுண்டு. 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்த ஓர் ஊரின் தன்னுணர்வு அவற்றில் பதிந்துள்ளது.

எஞ்சியோர் பற்றிய வினாவுக்குக் கோயிலினுள்ளேயே ஒரு சான்று உள்ளது. நம்பெருமாள் மீண்டபின், இடைக்காலத்தில் வழிபடப்பட்ட திருமேனி அகற்றப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் பெயரோடு அஃது உடன் வைக்கப்பட்டது. வேள்விக்குரிய திருமேனியாக இன்றும் பணிகொள்கிறது. அதனை எழுந்தருளச் செய்தோர் எவர், அச்சம் நிறைந்த அவ்வாண்டுகளில் யார் விளக்கேற்றினர், எக்கொத்தினர் எஞ்சியிருந்து நீர் சுமந்தனர் என்பவற்றை ஒழுகு விரிக்கவில்லை. புறப்பட்டுச் சென்றோரின் வழியை ஊர் ஊராகச் சொல்லும் நூல், தங்கியிருந்தோரைப் பற்றிக் கூறுவது ஒரு திருமேனியின் பெயரையும் ஒரு வெளுக்கும் தொழிலாளியின் நினைவையும் மட்டுமே. திருவரங்கத்தின் வட்டார வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுத் தொகுதியோடு இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.